அகலக் கால் வைத்த கடை!

ஒரே நாளில் 18 நாடுகளில் திறந்தார்கள்; 6 மாதத்தில் மூடினார்கள்

1999-ம் ஆண்டு நவம்பர் மாதம் 3-ந்தேதி ஒரு கடை திறக்கப்பட்டது.

அந்தக் கடைக்குக் கட்டிடம் இல்லை. கதவு இல்லை. கண்ணாடி அலமாரி இல்லை. கல்லாப் பெட்டியும் இல்லை.

ஆனால், ஒரே நாளில் 18 நாடுகளில் அந்தக் கடை திறக்கப்பட்டது!

லண்டனில் இருப்பவரும் அதில் வாங்கலாம். நியூயார்க்கில் இருப்பவரும் வாங்கலாம். ஸ்வீடன் நாட்டில், பனி கொட்டும் ஊரில் இருப்பவரும் வாங்கலாம். வீட்டில் கம்ப்யூட்டர் முன்பு உட்கார்ந்து, பிடித்த சட்டையைப் பார்த்து, பொத்தானை அழுத்தினால் போதும். சட்டை வீடு தேடி வரும்.

அதுதான் "பூ டாட் காம்" என்ற இன்டர்நெட் துணிக் கடை.

தமிழில் "பூ" என்றால் மலர். ஆங்கிலத்தில் அந்த ஓசைக்கு வேறு பொருள். மறைந்து நின்று, திடீர் என்று எதிரே குதித்து, குழந்தைகளைப் பயமுறுத்துவார்கள் அல்லவா? அப்போது எழுப்பும் சத்தம் அது!

கடைசியில் பயந்து போனவர்கள் குழந்தைகள் அல்ல. பணம் போட்ட முதலாளிகள்தான்.

2000-ம் ஆண்டு மே மாதம் 18-ந்தேதி கடை மூடப்பட்டது. அது திறந்து 6 மாதம்தான் ஆகி இருந்தது. அதற்குள் கரைந்த பணம் சுமார் 13½ கோடி டாலர்!

ஏன் இப்படி ஆயிற்று? இன்டர்நெட்டில் கடை வைத்ததே தவறா? வெளிநாட்டுக்குப் போனது தவறா?

இரண்டும் தவறு இல்லை. இன்று உலகம் முழுவதும் கோடிக் கணக்கான மக்கள் இப்படித்தான் துணி வாங்குகிறார்கள்.

தவறு வேறு இடத்தில் இருந்தது. "அகலக் கால் வைக்காதே" என்று பெரியவர்கள் சொல்வார்கள். அதைத்தான் அவர்கள் செய்தார்கள்.

18 நாடுகளில் கடை திறப்பது என்றால், ஒரு கடையை 18 இடங்களில் காட்டுவது அல்ல. 18 கடைகளைத் திறப்பது. இது அவர்களுக்குத் தாமதமாகத்தான் புரிந்தது.

பால்ய நண்பர்கள்

இந்தக் கடையைத் தொடங்கியவர்கள் ஸ்வீடன் நாட்டுக்காரர்கள். ஒருவர் எர்ன்ஸ்ட் மால்ம்ஸ்டன். இன்னொருவர் காய்சா லேயாண்டர் என்ற பெண். இருவரும் பால்ய நண்பர்கள். காய்சா முன்பு மாடல் அழகியாக இருந்தவர். இருவருக்கும் அப்போது 30 வயது கூட ஆகவில்லை.

அவர்கள் வியாபாரம் தெரியாதவர்கள் அல்ல. ஸ்வீடனில் இன்டர்நெட் மூலம் புத்தகக் கடை நடத்தினார்கள். அது நன்றாக நடந்தது. 1998-ம் ஆண்டில் அதை விற்றார்கள். கையில் பணமும், மனதில் தைரியமும் இருந்தது.

"ஒரு நாட்டில் புத்தகம் விற்றோம். இனி உலகம் முழுவதும் துணி விற்கலாம்" என்று புறப்பட்டார்கள். லண்டனில் தலைமை அலுவலகம் அமைத்தார்கள்.

அது இன்டர்நெட் கம்பெனிகளுக்கு யோகம் அடித்த காலம். யார் கேட்டாலும் பணம் கிடைத்தது. பிரான்சு நாட்டுக் கோடீசுவரர் பெர்னார் ஆர்னோ பணம் போட்டார். இத்தாலியின் புகழ் பெற்ற துணி வியாபாரிகளான பெனெட்டன் குடும்பத்தார் பணம் போட்டார்கள். பெரிய வங்கிகளும் பணம் போட்டன.

நியூயார்க், பாரீஸ், மியூனிக், ஸ்டாக்ஹோம் ஆகிய நகரங்களிலும் அலுவலகங்கள் திறக்கப்பட்டன. பல மொழி பேசும் இளைஞர்களும் பெண்களும் வேலைக்குச் சேர்ந்தார்கள்.

கடை இன்னும் திறக்கவில்லை. ஆனால் விளம்பரம் வந்து விட்டது!

திறக்காத கதவு

1999-ம் ஆண்டு மே மாதம் கடை திறக்கும் என்று முதலில் திட்டம் போட்டார்கள். மே போயிற்று. கோடை போயிற்று. இலை உதிரும் காலமும் வந்து விட்டது. கடை திறக்கவில்லை.

என்ன தடை?

ஒரே கம்ப்யூட்டர் அமைப்பு எல்லா நாட்டு வேலையையும் செய்ய வேண்டும் என்று அவர்கள் விரும்பினார்கள். ஜெர்மானியருக்கு ஜெர்மன் மொழியில் பேச வேண்டும். ஸ்வீடன்காரருக்கு ஸ்வீடிஷ் மொழியில் பேச வேண்டும். அவரவர் நாட்டுப் பணத்தில் விலை சொல்ல வேண்டும். அந்த நாட்டு வரியைச் சேர்க்க வேண்டும். எந்தக் கிடங்கில் சரக்கு இருக்கிறது என்று பார்க்க வேண்டும். தபால் செலவைக் கணக்கிட வேண்டும்.

இவ்வளவையும் ஒரே சமயத்தில் 18 நாடுகளுக்குச் செய்ய வேண்டும்!

ஒரு நாட்டுக் கணக்கைச் சரி செய்தால் இன்னொரு நாட்டுக் கணக்கு உதைக்கும். அதைச் சரி செய்தால் வேறு ஒன்று கெடும். ஒரே நேரத்தில் 18 அடுப்பில் உலை வைத்தால், எந்தச் சோறு வெந்தது, எது குழைந்தது என்று யாருக்குத் தெரியும்?

ஒரு வழியாக நவம்பரில் கடை திறந்தது. ஆட்கள் திரண்டு வந்தார்கள். ஆனால் பலரால் உள்ளே நுழைய முடியவில்லை!

காரணம், கடையின் அழகு!

சட்டையைச் சுற்றிச் சுற்றிக் காட்டும் படம். செருப்பைத் திருப்பித் திருப்பிக் காட்டும் படம். "மிஸ் பூ" என்ற பொம்மைப் பெண் வந்து பேசுவாள். எல்லாம் பார்க்க அழகுதான். ஆனால் அந்தக் காலத்தில் பெரும்பாலான வீடுகளில் இன்டர்நெட் டெலிபோன் கம்பி வழியாகத்தான் வந்தது. மெதுவாகத்தான் வரும். ஒரு படம் முழுவதும் வருவதற்குள் பொறுமை போய்விடும்.

ஆப்பிள் கம்பெனியின் கம்ப்யூட்டர் வைத்து இருந்தவர்களுக்கு, ஆரம்பத்தில் கடையே திறக்கவில்லை.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. கடை கட்டியவர்கள் தங்கள் அலுவலகத்துக் கம்ப்யூட்டரில் பார்த்தார்கள். வாங்க வந்தவர்கள் தங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் பார்த்தார்கள். வாடிக்கைக்காரர் வீட்டுத் திண்ணையில் இருந்து கடையைப் பார்க்கத் தெரியாதவர், எந்த ஊரில் கடை வைத்தாலும் கஷ்டம்தான்.

ஒரே சட்டை, ஐந்து அளவு

படம் வேகமாக வந்து இருந்தால் எல்லாம் சரியாகி இருக்குமா? அப்படியும் சொல்ல முடியாது. வெளிநாட்டு வியாபாரத்தில் வேறு சிக்கல்களும் உண்டு.

ஒரு பெண் அணியும் கவுனை எடுத்துக் கொள்வோம். இங்கிலாந்தில் அதன் அளவு 10. அதே கவுன் அமெரிக்காவில் 6. ஜெர்மனியில் 36. பிரான்சில் 38. இத்தாலியில் 42!

துணி ஒன்றுதான். உடம்பும் ஒன்றுதான். எண் மட்டும் ஐந்து. எண்ணை மாற்றாமல் விற்றால், வந்த கவுன் இறுக்கும். அல்லது தொளதொள என்று தொங்கும். உடனே கடைக்குத் திரும்பி வரும். திரும்பி வரும் செலவு யார் தலையில்? கடைக்காரர் தலையில்தான். "பூ" கடையோ, திருப்பி அனுப்பும் செலவும் தன்னுடையது என்று வாக்குக் கொடுத்து இருந்தது.

மொழியும் வம்பு செய்யும். "பேண்ட்ஸ்" என்று அமெரிக்கர் சொன்னால், அது கால் சட்டை. இங்கிலாந்துக்காரர் அதே சொல்லைச் சொன்னால், அது உள்ளாடை! இரண்டு நாட்டிலும் பேசுவது ஆங்கிலம்தான்.

வரியும் ஊருக்கு ஊர் மாறும். ஜெர்மனியில் துணிக்கு விற்பனை வரி நூற்றுக்கு 19. பிரான்சில் 20. ஸ்வீடனில் 25. ஹங்கேரியில் 27. இங்கிலாந்தில் பெரியவர் சட்டைக்கு 20. ஆனால் குழந்தைகள் சட்டைக்கு வரியே கிடையாது!

ஆகவே, லண்டன் தாய் ஒருத்தி தன் பிள்ளைக்கும் கணவருக்கும் சட்டை வாங்கினால், ஒரே பொட்டலத்துக்கு இரண்டு கணக்கு. அதே பொட்டலம் ஸ்டாக்ஹோமுக்குப் போனால் வேறு கணக்கு.

பணம் கொடுக்கும் வழக்கம்

பணம் கொடுப்பதிலும் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு வழக்கம் உண்டு.

அமெரிக்கர் கிரெடிட் கார்டு எண்ணைக் கொடுத்து விடுவார். ஜெர்மனியில் பலர் அப்படிக் கொடுப்பது இல்லை. "முதலில் சாமான் வரட்டும். பிரித்துப் பார்க்கிறேன். பிடித்து இருந்தால், பில்லைப் பார்த்துப் பிறகு பணம் அனுப்புகிறேன்" என்பார்கள். அது அங்கே பழைய வழக்கம்.

ஜப்பானில், இரவு பகலாகத் திறந்து இருக்கும் தெருமுனைக் கடைக்குப் போய், இன்டர்நெட்டில் வாங்கிய சாமானுக்கு ரொக்கமாகப் பணம் கட்டுவது உண்டு.

இந்தியாவிலும் இந்தக் கதை தெரிந்ததுதான். சாமான் வீட்டு வாசலுக்கு வந்த பிறகு ரொக்கம் கொடுக்கலாம் என்ற ஏற்பாடு வந்தது. அதன் பிறகுதான் பல குடும்பங்கள் இன்டர்நெட் கடையை எட்டிப் பார்த்தன.

பெர்லின் நகரில் 2008-ம் ஆண்டு தொடங்கப்பட்ட "சலாண்டோ" கம்பெனி இதைப் புரிந்து கொண்டது. ஜெர்மானியருக்கு, பிறகு பணம் கட்டும் வசதியைக் கொடுத்தது. வேண்டாதவற்றை இலவசமாகத் திருப்பி அனுப்பலாம் என்றும் சொன்னது. அனுப்பிய சரக்கில் ஏறக்குறைய பாதி திரும்பி வருகிறது! அந்தச் செலவையும் கணக்கில் சேர்த்துக் கொண்டுதான் அது வியாபாரம் செய்கிறது. முதலில் சொந்த நாட்டில் காலை ஊன்றியது. பிறகுதான் பக்கத்து நாடுகளுக்குப் போனது.

நாட்டுக்கு நாடு பணம் மாறும். கொடுக்கும் வழக்கமும் மாறும். "ஏமாற்ற மாட்டார்கள்" என்ற நம்பிக்கை மட்டும் எல்லா நாட்டிலும் வேண்டும். அந்த நம்பிக்கையை எப்படிப் பெறுவது என்பதைத்தான் ஊருக்கு ஊர் கற்றுக் கொள்ள வேண்டும்.

கோர்ட்டில் நின்ற வாக்குறுதி

நல்லது செய்தாலும் வம்பு வரும் என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு.

அமெரிக்காவில் விஸ்கான்சின் மாகாணத்தில் "லேண்ட்ஸ் எண்ட்" என்ற துணிக் கம்பெனி இருக்கிறது. தபால் மூலம் விற்றுப் பெயர் வாங்கிய கம்பெனி. 1995-ம் ஆண்டிலேயே இன்டர்நெட்டிலும் கடை திறந்தது. அந்தக் கம்பெனி தன் வாடிக்கைக்காரர்களுக்கு ஒரு வாக்குறுதி கொடுத்து இருந்தது. "வாங்கிய துணி பிடிக்கவில்லையா? எப்போது வேண்டுமானாலும் திருப்பிக் கொடுக்கலாம். காரணம் கேட்க மாட்டோம்" என்பதே அந்த வாக்குறுதி.

அமெரிக்காவில் மக்கள் அதைக் கேட்டு மகிழ்ந்தார்கள். அதே வாக்குறுதியோடு அந்தக் கம்பெனி ஜெர்மனிக்குப் போனது.

ஜெர்மனியில் கோர்ட்டில் வழக்கு வந்தது!

கடைக்காரர்கள் இலவசம் கொடுத்துப் போட்டி போடக் கூடாது என்று, 1930-ம் ஆண்டுகளில் போட்ட பழைய சட்டம் அங்கே இருந்தது. "வாழ்நாள் முழுவதும் திருப்பிக் கொடுக்கலாம் என்பது இலவசம் கொடுப்பது போலத்தான். இது முறையான போட்டி அல்ல" என்று வாதம் நடந்தது. அப்படி விளம்பரம் செய்யக் கூடாது என்று 1999-ம் ஆண்டில் தீர்ப்பு ஆயிற்று.

துணியைத் திரும்ப வாங்கிக் கொள்ளத் தடை இல்லை. ஆனால், வாங்கிக் கொள்வதாக வெளியே சொல்லக் கூடாது!

2001-ம் ஆண்டில் அந்தப் பழைய சட்டங்கள் நீக்கப்பட்டன. இப்போது ஐரோப்பிய யூனியன் நாடுகளில், இன்டர்நெட்டில் வாங்கிய சாமானை 14 நாட்களுக்குள் காரணம் சொல்லாமல் திருப்பி அனுப்பலாம் என்று சட்டமே இருக்கிறது. ஒரு காலத்தில் கோர்ட்டுக்கு இழுத்த காரியத்தைப் போன்ற ஒன்று, இன்று கடைக்காரரின் கடமை ஆகிவிட்டது!

ஆகவே, ஒரு நாட்டுச் சட்டத்தை ஒரு தடவை படித்தால் போதாது. கடை இருக்கும் வரை படித்துக் கொண்டே இருக்க வேண்டும்.

சீனாவில் நடந்தது

"பூ கடைக்காரர்கள் அனுபவம் இல்லாதவர்கள். அதனால் தோற்றார்கள்" என்று சிலர் சொல்லலாம். அனுபவம் உள்ளவர்களும் சறுக்கியது உண்டு.

அமெரிக்காவின் "ஈபே" இன்டர்நெட் சந்தை உலகப் புகழ் பெற்றது. விற்பவரையும் வாங்குபவரையும் சேர்த்து வைப்பது அதன் தொழில். சீனாவில் "ஈச்நெட்" என்ற கம்பெனி அதே தொழிலைச் செய்து வந்தது. 2003-ம் ஆண்டில் ஈபே அதை முழுவதும் வாங்கிவிட்டது. பணத்துக்குக் குறைவு இல்லை.

அதே ஆண்டில், ஹாங்சௌ நகரில் இருந்து ஜாக் மா என்பவர் போட்டிக்கு வந்தார். ஒரு காலத்தில் ஆங்கில ஆசிரியராக இருந்தவர் அவர். "டாவ்பாவ்" என்ற சந்தையைத் திறந்தார்.

அவருக்குத் தன் நாட்டு மக்களைத் தெரியும். முன்பின் தெரியாதவரை நம்பிப் பணம் அனுப்பச் சீனர்கள் தயங்கினார்கள். ஆகவே ஒரு வழி செய்தார். வாங்குபவர் கட்டும் பணத்தை நடுவில் ஒரு கணக்கில் நிறுத்தி வைத்தார். சாமான் சரியாக வந்து சேர்ந்த பிறகே விற்றவருக்குப் பணம் போகும்.

விலை பேசாமல் வாங்கும் பழக்கமும் அவர்களுக்கு இல்லை. ஆகவே, வாங்குபவரும் விற்பவரும் நேராகப் பேசிக் கொள்ள வசதி செய்தார். கடை வைப்பவர்களிடம் கட்டணமும் வாங்கவில்லை.

ஈபே என்ன செய்தது? 2004-ம் ஆண்டில் சீனக் கடையை, உலகம் முழுவதற்கும் பொதுவாக அமெரிக்காவில் இருந்த தன் கம்ப்யூட்டர் அமைப்புக்கு மாற்றியது. சீனர்கள் பழகிய கடையின் முகமே மாறிவிட்டது. சின்ன மாறுதல் வேண்டும் என்றாலும் கடல் தாண்டிக் கேட்க வேண்டியது ஆயிற்று.

2006-ம் ஆண்டு டிசம்பரில், சீனக் கடையை உள்நாட்டுக் கம்பெனி ஒன்றோடு சேர்ந்த கூட்டு வியாபாரமாக மாற்றி, ஈபே ஒதுங்கிக் கொண்டது.

பணம் இருந்தது. பெயர் இருந்தது. அனுபவம் இருந்தது. இல்லாதது ஒன்றே ஒன்று. அந்த ஊர்க்காரரைக் கேட்டு நடக்கும் பழக்கம்!

நிதானமாக வந்தவர்

இனி, வேறு ஒரு கடையைப் பார்ப்போம்.

ஸ்பெயின் நாட்டில் லா கொருன்யா என்ற கடற்கரை ஊரில், 1975-ம் ஆண்டில் "சாரா" என்ற துணிக் கடை திறக்கப்பட்டது. திறந்தவர் அமான்சியோ ஒர்டேகா. சிறு வயதிலேயே ஒரு சட்டைக் கடையில் வேலைக்குச் சேர்ந்தவர்.

சொந்த நாட்டைத் தாண்ட அவருக்கு 13 ஆண்டுகள் ஆயின. 1988-ம் ஆண்டில் பக்கத்து நாடான போர்ச்சுகலில் கடை திறந்தார். 1989-ம் ஆண்டில் நியூயார்க். 1990-ம் ஆண்டில் பாரீஸ்.

இன்டர்நெட் கடைக்கும் அவர் கம்பெனி அவசரப்படவில்லை. பூ கடை மூடிப் பத்து ஆண்டுகள் கழித்து, 2010-ம் ஆண்டு செப்டம்பரில்தான் திறந்தது. அப்போதும் 18 நாடுகளில் திறக்கவில்லை. ஸ்பெயின், போர்ச்சுகல், பிரான்சு, இத்தாலி, ஜெர்மனி, இங்கிலாந்து ஆகிய 6 நாடுகளில்தான் திறந்தது. அந்த 6 நாடுகளிலும் தெருக்கடை முன்பே இருந்தது. வாங்கியது பிடிக்காவிட்டால் தெருக்கடையிலேயே திருப்பிக் கொடுக்கலாம்.

2011-ம் ஆண்டில் அமெரிக்காவுக்குப் போனார்கள். 2012-ம் ஆண்டில் சீனாவுக்குப் போனார்கள். 2017-ம் ஆண்டில் இந்தியாவுக்கு வந்தார்கள். பிறகு 2018-ம் ஆண்டு நவம்பரில் ஒரே வீச்சில் 106 நாடுகளுக்கும் பிரதேசங்களுக்கும் கடையைத் திறந்து விட்டார்கள்!

18-ஐ ஒன்றாகத் திறந்தவர்கள் விழுந்தார்கள். 106-ஐ ஒன்றாகத் திறந்தவர்கள் நின்றார்கள். ஏன்? பின்னவர்கள் 8 ஆண்டுகள் ஒவ்வொரு நாடாக நடந்து பார்த்து, வழியைக் கற்று இருந்தார்கள்.

"முந்தினால்தான் பிழைப்பு" – சரியா?

இதற்கு எதிர்வாதம் உண்டு. "வியாபாரத்தில் முந்த வேண்டும். மெதுவாகப் போனால் மற்றவன் வந்து இடத்தைப் பிடித்துக் கொள்வான். பூ கடைக்காரர்கள் காலத்துக்கு முன்னே போய்விட்டார்கள். அவ்வளவுதான் அவர்கள் குற்றம்" என்பார்கள்.

இதில் பாதி உண்மை இருக்கிறது. இன்று கைபேசியில் நொடியில் படம் வருகிறது. சட்டையைச் சுற்றிக் காட்டுவது இன்று சர்வ சாதாரணம். பல நாட்டில் துணி விற்பதும் நடக்கிறது. அவர்கள் கண்ட கனவு பொய் அல்ல.

ஆனால் மறு பாதியையும் பார்க்க வேண்டும். சாரா முதலில் வந்த கடை அல்ல. பிந்தி வந்த கடை. யாரும் அதன் இடத்தைப் பிடித்துக் கொள்ளவில்லை.

அமேசான் கம்பெனி 1995-ம் ஆண்டில் அமெரிக்காவில் புத்தகக் கடையாகத் தொடங்கியது. 3 ஆண்டுகள் கழித்து இங்கிலாந்துக்கும் ஜெர்மனிக்கும் போனது. எப்படிப் போனது? அந்த நாடுகளில் முன்பே நடந்து வந்த இரண்டு இன்டர்நெட் புத்தகக் கடைகளை வாங்கியது. அந்த ஊர் தெரிந்த ஆட்களும் சேர்ந்து கிடைத்தார்கள்.

நிதானமாகப் போனவர் சறுக்கவே மாட்டார் என்றும் சொல்ல முடியாது. அதே அமேசான் 2004-ம் ஆண்டில் சீனாவில் ஒரு கடையை வாங்கியது. பல ஆண்டுகள் முயன்றது. உள்ளூர்ப் போட்டியைச் சமாளிக்க முடியவில்லை. 2019-ம் ஆண்டு ஜூலையில், சீன வியாபாரிகள் சீன மக்களுக்கு விற்று வந்த சந்தையை மூடியது.

ஆனால் அமேசான் இழந்தது ஒரு நாட்டு வியாபாரத்தைத்தான். கம்பெனி போகவில்லை. பூ கடைக்காரர்கள் எல்லா நாட்டையும் ஒரே பந்தயத்தில் வைத்தார்கள். எல்லாம் சேர்ந்து போயிற்று. நிதானத்தின் பலன் இதுதான். தவறு வரும். ஆனால் தாங்கக் கூடிய அளவில் வரும்.

யார் அழுதார்கள்?

2000-ம் ஆண்டு மார்ச் மாதத்துக்குப் பிறகு அமெரிக்கப் பங்குச் சந்தையில் இன்டர்நெட் கம்பெனிகளின் பங்கு விலை சரிந்தது. பூ கடைக்குப் புதிதாகப் பணம் கொடுக்க யாரும் முன்வரவில்லை. கையில் இருந்த பணம் தீர்ந்தது. மே மாதத்தில் விளக்கை அணைத்தார்கள்.

கோடிக் கோடியாகக் கொட்டிச் செய்த கம்ப்யூட்டர் அமைப்பை, வேறு ஒரு கம்பெனி சுமார் 2½ லட்சம் பவுனுக்கு வாங்கிக் கொண்டது!

பணம் போட்ட கோடீசுவரர்கள் நஷ்டப்பட்டார்கள். ஆனால் அவர்களுக்கு வேறு தொழில் இருந்தது. மறுநாள் காலையில் அவர்கள் வீட்டு அடுப்பு எரிந்தது.

மால்ம்ஸ்டன் தன் அனுபவத்தை 2001-ம் ஆண்டில் புத்தகமாக வெளியிட்டார். "பூ ஹூ" என்று அதற்குப் பெயர். ஆங்கிலத்தில் அது தேம்பித் தேம்பி அழும் சத்தம்.

உண்மையில் அழ வேண்டி வந்தவர்கள் வேறு. ஊர் விட்டு ஊர் வந்து, அந்தக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த நூற்றுக் கணக்கான இளைஞர்களும் பெண்களும்தான். "18 நாடுகளில் ஒரே நாளில் திறக்கலாமா?" என்று அவர்களை யார் கேட்டார்கள்? முடிவு எடுத்தவர் சிலர். வேலை இழந்தவர் பலர்.

ஆகவே, இது முதலாளிகளின் சொந்த விஷயம் அல்ல. அகலக் கால் வைப்பவர் தடுக்கி விழுந்தால், அவர் கையைப் பிடித்துக் கொண்டு வந்தவரும் விழுகிறார்.

திறக்கு முன் 5 கேள்வி

இன்று சின்னக் கடைக்காரர் கூட வெளிநாட்டுக்கு விற்கலாம். வழி முன்னைவிட எளிது. எளிது என்பதாலேயே ஆபத்தும் இருக்கிறது. கதவைத் திறக்க ஒரு நாள் போதும். கடையை நடத்த அந்த ஊரைத் தெரிந்து இருக்க வேண்டும்.

வெளிநாட்டில் இன்டர்நெட் கடை திறக்க நினைப்பவர் முதலில் 5 கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

1. அந்த நாட்டுக் குடும்பம் எப்படிப் பணம் கொடுக்கிறது?

2. அந்த நாட்டு வரி என்ன? சட்டம் என்ன?

3. சாமான் எத்தனை நாளில் போய்ச் சேரும்? பிடிக்காவிட்டால் எந்த வழியாகத் திரும்பி வரும்? செலவு யாருடையது?

4. வாங்கியவர் குறை சொன்னால், அவர் மொழியில் பதில் சொல்ல ஆள் இருக்கிறதா?

5. இந்த நாட்டில் தோற்றால், தாய்க்கடை தாங்குமா? வேலை செய்பவர் வீட்டு அடுப்பு எரியுமா?

இந்த 5 கேள்விகளுக்கும் ஒரு நாட்டில் பதில் கிடைத்து, கடையும் நன்றாக ஓடினால், அடுத்த நாட்டுக்குப் போகலாம். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. போர்ச்சுகலுக்குப் போக 13 ஆண்டுகள் காத்து இருந்த கடை, இன்று உலகம் முழுவதும் விற்கிறது.

"பதறாத காரியம் சிதறாது" என்பது பழமொழி. இன்டர்நெட் வந்த பிறகும் அது மாறவில்லை. நொடியில் கடல் தாண்டுவது கடையின் படம்தான். வாங்குபவரின் நம்பிக்கை அவ்வளவு வேகமாக வருவது இல்லை. அதை ஒவ்வொரு ஊராக, ஒவ்வொரு வீட்டு வாசலாகப் போய்த்தான் சம்பாதிக்க வேண்டும்.